வாயில் ஒரு கிராம்பு

திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு. வருகைப் பதிவை முடித்து நான் நிமிர்ந்தபோது வாசலில் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வா" என்றேன். வந்தாள். கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, புத்தகப் பையை மடியில் நிமிர்த்தி வைத்துச் சட்டையின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டாள்.

எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை என்றால் வெள்ளைச் சீருடை. பிரேயரில் விளையாட்டு ஆசிரியர் வரிசை வரிசையாக நடந்து வருவார். அழுக்குச் சட்டை கண்ணில் பட்டால் தோளைத் தொடுவார். அப்படித் தொடப்பட்டவர்கள் கொடிமரத்துக்குப் பக்கத்தில், மொத்தப் பள்ளிக்கும் முகம் தெரியும்படி நிற்க வேண்டும். கயல் அங்கே நிற்பது அந்த வருஷம் வாடிக்கையாகிவிட்டது.

"ஏன் கயல், ஞாயித்துக்கிழமையே துவைச்சு வெச்சுக்கலாம்ல?" என்று கேட்டேன். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் குடியிருக்கிற எந்த டீச்சரும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

"தோச்சிக்கினுதான் மிஸ் இருக்கேன். காயறதுக்குள்ள மறுபடியும் கறுத்துப் பூடுது." கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகினாள். "இப்பிடி நின்னு அசிங்கப்படறதுக்குப் பள்ளிக்கூடமே வேணாம், நின்னுடுன்னு எங்கப்பா சொல்றாரு மிஸ்."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அழுக்கு என்றால் காலரிலும் கைமடிப்பிலும் தெரியும். இதுவோ சட்டை முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்தது. பாவம், சோப்பு வாசனைகூட இன்னும் போகவில்லை.

எனக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போடு. இல்லாவிட்டால் என் வீட்டுக்குக் கொண்டு வா, நான் காயப்போட்டுத் தருகிறேன். இதைச் சொல்லிவிட்டு நான் அன்றைய பாடத்துக்குப் போயிருக்கலாம்.

சொல்லவில்லை. என் வாயில் கிராம்பு இருந்தது.

பல்வலி செய்த உபகாரம்

கிராம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களைக் கடலூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மின்விசிறி சத்தமாகச் சுற்றுகிற ஒரு கூடம். பயிற்சி கொடுத்தவர் ஒல்லியானவர், அதிராமல் பேசுகிறவர். "பாடத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கணக்குக் கொடுக்காதீர்கள். முதலில் பிரச்சினையைக் கொடுங்கள், அதுவும் நிஜமான பிரச்சினையாக. அதைத் தீர்க்கப் போகும்போது பாடம் அவர்களுக்கே தேவைப்படும், தேடிக்கொண்டு போவார்கள். நீங்கள் கூட நடந்தால் போதும், முன்னால் நடக்க வேண்டாம்" என்றார். அப்படிக் கூட நடக்கிறவருக்கு ஃபெசிலிடேட்டர் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சாம்பார் சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசினோம், முடிவுக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பி ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் எங்கள் கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பசங்களே கண்டுபிடிச்சுக்குவாங்கன்னா நாம எதுக்கு டீச்சர்? ஒரு வாட்ச்மேன் போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணக்கு சாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும். அவர் சொல்லிக் கேட்பதே ஒரு சுகம்.

என் பாடு வேறு. எனக்கும் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இந்த ஊரில் பேச ஆளே இல்லை. இவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். வகுப்பறைதான் நான் பேசுகிற இடம். அங்கே போய் வாயை மூடிக்கொண்டிரு என்றால் எப்படி? 'தெரிஞ்சது என்ன, தெரியாதது என்ன, எப்படித் தெரிஞ்சுக்கலாம்' என்று பலகையில் மூன்று பத்தி போடுவேன். ஒரு பெண் கையைத் தூக்கிப் பாதிக் கேள்வி கேட்பதற்குள் முழுப் பதிலையும் நானே சொல்லி முடித்திருப்பேன். பிள்ளைகள் சமர்த்தாக எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பல் டாக்டர் வரும்வரைக்கும் இதை அடக்கிவை என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிராம்பைக் கொடுத்தார். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். காரம் ஏறி நாக்கு மரத்துவிட்டது. பேச முடியவில்லை. ஒரு பையன் ஏதோ கேட்டான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வகுப்பு என் முகத்தையே பார்த்தது. பிறகு முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாக ஒரு பதிலைச் சொன்னாள். அது தப்பு என்றான் இன்னொருவன். ஏன் தப்பு என்றாள் அவள். மணி அடிக்கும்வரை அவர்களே பேசினார்கள்.

பல் சரியாகிவிட்டது. கிராம்பை நான் விடவில்லை. ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நாக்கு துடிக்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போடுவேன். இந்தப் பக்கத்துக் கடைகளில் லவங்கம் என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். இவர் என்னைக் கேலி செய்யாத நாளில்லை. "பசங்க சயின்ஸ் படிக்கிறாங்களோ இல்லையோ, உன் கிளாஸ்ல பிரியாணி வாசனை வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்பார்.

பின்பக்கம் இல்லாத வீடு

திரும்பவும் அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுப் பலகையில் எழுதினேன்: 'வெள்ளைச் சட்டையை எங்கே காயப்போடுவது?'

முதலில் கயலிடம், "இதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா? உனக்குச் சம்மதமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். தயங்கிவிட்டுத் தலையாட்டினாள்.

வகுப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆவியாதல், காற்றின் திசை, தூசியின் எடை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 'தெரிஞ்சது' என்ற பத்தியில் எழுத பிரபு எழுந்து வந்தான். அவன் அப்பா அதிகாரி, பெரிய க்வார்ட்டர்ஸில் இருந்தார்கள். கெட்டிக்காரப் பையன். அவன் எழுதிய முதல் வரி: 'எல்லார் வீட்டுக்கும் பின்பக்கம் கொடி இருக்கும்.'

யாரும் மறுக்கவில்லை. டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு வீடென்றால் இதுதான். முன்னால் வேலி, பின்னால் தோட்டம், அதில் ஒரு பப்பாளியோ முருங்கையோ, இரண்டு இரும்புக் கம்பத்துக்கு நடுவே துணிக்கொடி. எந்த ப்ளாக்குக்குப் போனாலும் அதே அமைப்பு. அதற்கு வெளியே வேறு மாதிரி வீடு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

கயல் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த வரியை அழிக்கக் கை பரபரத்தது. கிராம்பை அழுத்திக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லார் வீட்லயும் இருக்கே மிஸ்" என்றான் பிரபு.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அந்த நேரத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால் கயல் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"எங்க வூட்டுக்குப் பின்பக்கமே கெடையாது" என்றாள் கயல்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்று அவளுடையது. அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வரிசை வீடு. துணி காயப்போட வாசலில் ஒரு கயிறு, அதை ஒட்டி ரோடு. அறைக்குள்ளே அடுப்பு இருப்பதால் அங்கே போட்டால் புகை பிடிக்கும். நான் சொல்ல நினைத்த முதல் யோசனை எவ்வளவு லட்சணமானது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

 பிரபு, தான் எழுதிய வரியைக் கையால் அழித்துவிட்டு, அதைத் 'தெரியாதது' பத்தியில் வேறு மாதிரி எழுதினான்: 'யார் யார் எங்கே காயப்போடுகிறார்கள்?'

கொடிக்கம்பி

கொடியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் போன வாரங்களில் க்வார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் இது விட்டுப்போயிற்று.

இந்த ஊரில் யாருக்கும் வீடு சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு, ரிடையர் ஆனால் காலி செய்ய வேண்டும். பலா வைத்தவர் பலாப்பழம் பார்க்காமலே போயிருக்கிறார். போகிறவர்கள் குழல்விளக்கைக் கழற்றுவார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தூக்குவார்கள், ரோஜாச் செடியை வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டுவார்கள். ஆனால் எங்கள் ப்ளாக்கில் ஒருவரும் கொடிக்கம்பியை மட்டும் அவிழ்க்க மாட்டார்கள். வருகிறவள் முதல் நாளே துணி துவைப்பாளே என்று விட்டுவிடுவார்கள்.

நான் புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த அன்று என் ஈரப்புடவையை அப்படி ஒரு கம்பியில்தான் போட்டேன். அதைக் கட்டியவர் யார், எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

எந்தக் கட்சி?

இவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கைக்குட்டை அளவு துண்டுகளாகக் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அவரவர் வீட்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஈரமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மைன்ஸ் பக்கத்து ப்ளாக்கில் ஒன்று, பஜார் பக்கம் ஒன்று, வடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் வீட்டில் ஒன்று, கயல் வீட்டு வாசலில் ஒன்று.

மைன்ஸ் பக்கத்துத் துணிதான் கறுத்திருக்கும் என்று வகுப்பே நம்பியது. மறுநாள் வரிசையாக ஒட்டிப் பார்த்தால் அது பரவாயில்லாமல் இருந்தது. கயல் வீட்டுத் துணிதான் எல்லாவற்றையும்விடக் கறுப்பு.

"அப்போ ரோடு" என்றாள் கயல். அனல்மின் நிலையத்திலிருந்து செங்கல் பட்டறைகளுக்குச் சாம்பல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் அவள் வாசல் வழியாகத்தான் போகும்.

எனக்கு இது முன்பே தெரியும். அதற்கு முந்தைய சனிக்கிழமை இவரோடு ஸ்கூட்டரில் அந்த ரோட்டில் போய், முகமெல்லாம் தூசியோடு திரும்பியிருந்தேன். வழி தெரியாமல் கூட நடக்க முடியாது, அதனால்தான் போனேன். அது மட்டுமில்லை. வாயாடிகள் ஒரே குழுவில் சேராமல் பிரித்தேன். பிரபுவையும் கயலையும் ஒரு குழுவில் போட்டேன். விளையாட்டு ஆசிரியரிடம் போய்க் கொஞ்ச நாள் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். "டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்" என்றார். அதனால் திங்கட்கிழமை பிரேயர் நேரத்தில் சோதனைக்குழாய்களைக் கழுவி அடுக்கவேண்டும் என்று ஒரு வேலையை உண்டாக்கி, கயலை லேபுக்கு அனுப்பினேன். கழுவியதையே அவள் திரும்பக் கழுவினாள். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் முறை.

அடுத்த கேள்வியை என் உதவியில்லாமல் கயலே கேட்டாள். "தூசி எவ்ளோ ஒசரம் வரும்?"

பிரபு வீட்டில் பலாப்பழம் பறிக்கிற நீளமான தொரட்டிக்கோல் இருந்தது. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கயல் வீட்டு வாசல் கம்பத்தோடு நிமிர்த்திக் கட்டினார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு துணி, தோள் உயரத்தில் ஒன்று, உச்சியில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு நேராக ஒன்று. ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இது இன்னா கட்சிம்மா, புதுசா இருக்குது?" என்று கேட்டாராம். "இன்னும் பேர் வெக்கலண்ணே" என்றாளாம் கயல்.

சாயங்காலம் இறக்கிப் பார்த்தார்கள். கீழ்த்துணி கறுப்பு, நடுத்துணி சாம்பல், உச்சித்துணி வெள்ளை.

விடை மொட்டைமாடியில் இருந்தது. ஆனால் மாடிக்கதவு பூட்டியிருந்தது. குடியிருக்கிறவர்கள் யாரும் மேலே போகக்கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். அவர் அங்கே வடகம் காயப்போடுவார்.

பிள்ளைகள் கோலோடு அவர் வாசலுக்குப் போன நாளில் நானும் போனேன். எதிர்ப்பக்கத்து டீக்கடை நிழலில் நின்றுகொண்டேன். வீட்டுக்கார அம்மாவை எனக்குத் தெரியும். அவர் மகன் என்னிடம் படித்தவன். நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் சாவி கைக்கு வந்துவிடும். கிராம்பு கரைந்து நாக்கு எரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இன்னாடி கயலு, ஊர்வலமா?" என்று அந்த அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. கயல் ஒவ்வொரு துணியாகப் பிரித்துக் காட்டினாள். லாரிச் சத்தத்தில் அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் கீழேயிருந்து மேலே போவது தெரிந்தது. அந்த அம்மா கீழ்த்துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார், மேல்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான். என் வடகத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி வுழக்கூடாது, சொல்லிட்டேன்!"

பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தார்கள். "மிஸ்! நாங்களே கண்டுபுடிச்சிட்டோம் மிஸ்! நீங்க ஒண்ணுமே சொல்லல, நாங்களே!" என்று கத்தினாள் கயல். சந்தோஷத்தில் கிராம்பை விழுங்கிவிட்டேன். கண்ணில் வந்த தண்ணீருக்கு ரோட்டுத் தூசிதான் காரணம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை விளையாட்டு ஆசிரியர் கயலைக் கடந்து போனார். தோளைத் தொடவில்லை. அவள் பள்ளியை விட்டு நிற்கவும் இல்லை.

மைக்கில் கேட்ட கதை

இந்தப் பொங்கல் விடுமுறையில் அந்த வகுப்புப் பிள்ளைகள் வடலூரில் ஒரு மண்டபம் பிடித்துக் கூடினார்கள். பிள்ளைகள் என்று எழுதுகிறேன், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. பழைய ஆசிரியர்களையும் அழைத்திருந்தார்கள். இவருடைய ரிடையர்மென்ட் நெருங்கிவிட்டது, ஊரைவிட்டுப் போகப்போகிறோம். அதனால் நான் ஆசையாகப் போனேன். இருக்கிற புடவைகளில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன்.

கணக்கு சாரை மேடைக்கு ஏற்றி அவர் முன்னாலேயே அவரைப்போல் பேசிக் காட்டினார்கள். அவர் முக்கோணம் போடுகிற விதம், கண்ணாடி துடைக்கிற விதம் எல்லாம் வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவர்களுக்கு மனப்பாடம். காலில் விழுந்தார்கள். அவர் அழுதுவிட்டார்.

பிறகு பிரபு மைக்கை வாங்கினான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். "நம்ம வெள்ளைச் சட்டை கதை ஞாபகம் இருக்கா?" என்றான். மண்டபமே கத்தியது. தொரட்டிக்கோல், பேர் வைக்காத கட்சி, வடகம் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னான். பின்பக்கம் கொடி என்று தான் எழுதிய வரியைச் சொல்லி, "வாழ்க்கைல நான் அழிச்ச முதல் வரி அதுதான்" என்றான். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். இதோ, இப்போது என் பெயர் வரும்.

"இதுல பெரிய விஷயம் என்னன்னா, எந்த டீச்சரும் சொல்லிக் குடுக்கல. நாங்களே பண்ணோம். மிஸ்கூட அன்னைக்கு லீவுன்னு நினைக்கிறேன்... லீவுதானே மிஸ்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கைதட்டினேன்.

வலித்தது. இதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. ஸ்கூட்டரில் திரும்பும்போது இவரிடம் சொல்லி அழுதேன். "அவங்களே பண்ணணும்னுதானே நீ ஆசைப்பட்டே? அதுதான் நடந்திருக்கு" என்றார். சரிதான். ஆனால் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருத்தி, யாராவது ஒருவர் மனசின் ஒரு மூலையிலாவது இருக்க ஆசைப்படக் கூடாதா? கணக்கு சாருக்கு அவர் வாக்கியங்கள் இருக்கின்றன. நான் வாக்கியம் எதையும் விட்டு வைக்கவில்லை.

கயல் அன்று வரவில்லை. எங்கேயோ குழாய் உடைந்துவிட்டதாம்.

பீரோவும் கிரில்லும்

போன வாரம் வீட்டைக் காலி செய்தோம். வடலூரில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம்.

சாமான் ஏற்ற வந்தவர்கள் மத்தியானம்வரை மளமளவென்று வேலை செய்தார்கள். என் தேக்குப் பீரோ மட்டும் வெளியே வர மறுத்தது. படுக்கப் போட்டார்கள், சாய்த்தார்கள். வராந்தா கிரில்லில் இடித்தது. ஒருவர் ரம்பம் கேட்டார். பீரோவின் காலை வெட்டக்கூடாது என்று இவர் கத்தினார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கயல். கம்மாபுரம் பக்கம் குடிநீர்க் குழாய் வேலைகளைப் பார்க்கிற ஓவர்சீயராக இருக்கிறாள். செருப்பெல்லாம் சேறு.

"கூட்டத்துக்கு வர முடில மிஸ். நீங்க வூடு காலி பண்றீங்கன்னு சொன்னாங்க, ஓடியாந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். சுற்றி வந்தாள். எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கயல் ஒன்றும் சொல்லவில்லை. தோள்பையைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள். "அண்ணே, இது உள்ள வந்தப்ப இந்த கிரில்லு இருந்துதா?"

 இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரில் பிற்பாடு நாங்கள் போட்டது. "அப்போ நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்றாள் கயல். கீல் திருகாணிதானே என்றார் ஒருவர். கிரில் கதவைத் தூக்கிவிடலாமே என்றார் மற்றவர். அவர்களே கழற்றினார்கள், அவர்களே பீரோவை வெளியே கொண்டுவந்தார்கள். "அவ்ளோதாம்மா, நாங்களே பாத்துக்கினோம்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார் மூத்தவர். அவள் சிரித்தாள்.

அவள் சிரித்தபோது வாசனை வந்தது. 

"பின்னால கொடிக்கம்பி இருக்குது, அவுக்கணுமாம்மா?" என்று கேட்டார் ஒருவர். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். 

சாமான் லாரி கிளம்பக் காத்திருக்கும்போது நானும் கயலும் காலி வராந்தாவில் உட்கார்ந்தோம். அவள் டப்பாவை நீட்டினாள். "லவங்கம் போட்டுக்கிறீங்களா மிஸ்?"

"இது என்ன பழக்கம் கயல்?" சாதாரணமாகக் கேட்கப் பாடுபட்டேன்.

"தெரில மிஸ். எதுனா யோசிக்கணும்னா எனக்கு இந்த வாசன வரணும். இல்லாங்காட்டி மூளையே ஓடாது. ஆபீஸ்ல எல்லாம் கிண்டல் பண்ணிக்கினே இருப்பாங்க." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க வூட்ல யாருக்கும் இந்தப் பழக்கம் கெடையாது. எங்கேருந்து வந்துதுன்னு எனக்கே புரியல. இது எப்பிடி மிஸ் வந்திருக்கும்?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொங்கலிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும்.

டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டேன்.

கயல் தலையைச் சாய்த்து யோசிக்க ஆரம்பித்தாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை, காத்திருந்தேன்.